பழுப்புக் கோடு

ஒரே ஒரு வாக்கியம்தான். அக்காவிடம் அதைச் சொல்லி ஆறு வருடம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பெருங்குடலின் கீழ்வளைவில் கட்டி என்று உறுதியாகி, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த வாரம் அது. ரிப்போர்ட்டுகளைக் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு அக்கா ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹீமோகுளோபின், கிரியாட்டினின் எல்லாம் அவளுக்கே அத்துப்படி. சி.இ.ஏ. என்ற வரியில் விரலை வைத்து, "இது என்னடி?" என்றாள். 14.2 என்று இருந்தது. எதிரே, 5-க்குள் இருக்க வேண்டும் என்ற குறிப்பு. நான் திசு நோயியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். அந்தப் புரதத்துக்கு நிறமேற்றிக் காட்டுவது என் வேலைகளில் ஒன்று. விளக்க ஆரம்பித்தால் விடிந்துவிடும், அவள் முகத்திலோ அவ்வளவு களைப்பு. "அது புற்றுநோய் செல் மேல இருக்கிற புரதம்க்கா. அங்கேருந்து உதிர்ந்து ரத்தத்துக்கு வரும்" என்றேன். தலையாட்டினாள். நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டதாக நினைத்து எழுந்துவிட்டேன்.

அதில் பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. பாதி உண்மை, அவ்வளவுதான். சொல்லாமல் விட்ட மறுபாதி ஒரு மனுஷியை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரிய ஒன்றரை வருடம் ஆனது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் கழித்து எடுத்த சி.இ.ஏ. 1.9. இரண்டு நிணநீர் முடிச்சுகளில் நோய் இருந்ததால் ஆறு மாதம் கீமோ. அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்தாள். 2.1, 1.8, 2.0 என்றே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் "நார்மல்க்கா" என்று செய்தி அனுப்புவேன். "சரிடி" என்று பதில் வரும். அந்த 'சரிடி'க்குள் என்ன இருந்தது என்று நான் கேட்டதே இல்லை. ஒருமுறை மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அங்கேயே வேறொரு ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தாள். இரவு பதினொரு மணிக்கு போன். "3.9 வந்திருக்குடி. தடிச்ச எழுத்துல போட்டிருக்காங்க." அந்த ஆய்வகம் வைத்திருந்த மேல்வரம்பு 3. நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன். அவள் விடவில்லை.

"நீ ஒண்ணு சொல்லு. புற்றுநோய் செல் மேல இருக்கிற புரதம்னு நீதானே சொன்னே? அப்ப 1.9 இருந்தப்பவே உள்ளே கொஞ்சம் இருந்திருக்கணும் இல்ல? ஒருத்தர்கூட அதை எங்கிட்ட சொல்லலையே."

எனக்குப் பேச்சே வரவில்லை. அவள் கணக்கில் தப்பே இல்லை. நான் கொடுத்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு யார் கணக்குப் போட்டாலும் அந்த விடைதான் வரும். நான் 'நார்மல்' என்று அனுப்பிய ஒவ்வொரு எண்ணையும் அவள் 'இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது' என்று படித்திருக்கிறாள். ஒன்றேகால் வருடமாக, யாரிடமும் சொல்லாமல்.

ஸ்லைடில் இருந்தது

மறுநாள் காலையில் ஆய்வகத்துக்குப் போனதும் முதல் வேலையாக சி.இ.ஏ. கன்ட்ரோல் ஸ்லைடை எடுத்தேன். வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு முறை ஒரு புரதத்துக்கு நிறமேற்றும்போதும், அந்தப் புரதம் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு திசுவையும் கூடவே வைத்து நிறமேற்றுவோம். அதில் நிறம் ஏறவில்லை என்றால் அன்றைய வேலையில் ஏதோ பிழை. எங்கள் கன்ட்ரோல், கட்டியும் அதை ஒட்டிய நல்ல குடலும் சேர்ந்த ஒரு துண்டு. மெழுகில் பதித்த திசுவை 4 மைக்ரான் தடிமனில் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தி எடுப்போம். மெழுகைக் கரைத்து, சூடாக்கி, அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டுகிற ஆன்டிபாடியை விட்டுக் காத்திருப்போம். புரதம் இருக்கும் இடத்தில் பழுப்பு நிறம் படியும். மற்றதெல்லாம் ஹீமடாக்சிலின் என்ற சாயத்தின் வெளிர்நீலம். நூற்றுக்கணக்கான முறை செய்த வேலை. அன்றுதான் அக்காவின் கண்ணால் அதைப் பார்த்தேன்.

நல்ல குடலின் சளிப்படலத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன வளையங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு சுரப்பிக் குழி. நடுவில் ஒரு துளை, அதைச் சுற்றி இதழ்கள் மாதிரி செல்கள். அந்தத் துளையை நோக்கிய விளிம்பில் மட்டும், பேனாவால் இழுத்தது போல ஒரு மெல்லிய பழுப்புக் கோடு. செல்லின் பக்கவாட்டில் இல்லை, அடியிலும் இல்லை. குடலின் உட்பரப்பை நெருங்க நெருங்க, முதிர்ந்த செல்களில் அந்தக் கோடு அழுத்தமாகிறது. அதாவது சி.இ.ஏ. நல்ல செல்லிலேயே இருக்கிறது, நிறையவே இருக்கிறது. குடலின் உள்வழியைப் பார்த்த முகத்தில் மட்டும் இருக்கிறது. அங்கிருந்து உதிர்வதெல்லாம் மலத்தோடு போய்விடுகிறது.

ஸ்லைடை நாலு மில்லிமீட்டர் நகர்த்தினால் கட்டி. அங்கே அந்த ஒழுங்கு குலைந்து கிடக்கிறது. வளையங்கள் ஒன்றோடொன்று முட்டி நசுங்கியிருக்கின்றன. பல செல்களுக்கு எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்ற நினைவே இல்லை. பழுப்பு செல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும் படிந்திருக்கிறது, செல்லுக்குள்ளேயும் கலங்கிக் கிடக்கிறது. வளைய வடிவம் ஓரளவு மிஞ்சிய இடங்களில் கோடு உள்பக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தத் துளைகள் குடலுக்குத் திறப்பதில்லை. உதிரும் புரதத்துக்கு மலத்தோடு போக வழியில்லாமல், நிணநீரிலும் ரத்தத்திலும் இறங்குகிறது. ரத்தப் பரிசோதனை பிடிப்பது இப்படி வழிதவறி வந்ததைத்தான்.

நுண்ணோக்கியின் கண்ணாடியில் போனை வைத்து இரண்டு படம் எடுத்துக்கொண்டேன். அந்த வார இறுதியில் நேரில் போய், அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். முதல் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இது நல்ல குடலா?" என்று இரண்டு முறை கேட்டாள். "உனக்கும் இப்படித்தான் இருக்கா?" ஆமாம் என்றேன். இந்த நிமிஷம் என் குடலிலும் அதே கோடுதான். என் ரத்தத்திலும் ஒன்றோ இரண்டோ இருக்கும்.

அவளுக்கு ஒரு கணக்கும் போட்டுக் காட்டினேன். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தில் நாளொன்றுக்கு 50 முதல் 70 மில்லிகிராம் சி.இ.ஏ. வெளியேறுகிறது. ரத்தத்தில் மேல்வரம்பு என்று சொல்கிற 5, ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா உடலில் சுமார் 3 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், வரம்பைத் தொட்டு நிற்பவரின் ரத்தம் முழுவதையும் கூட்டினாலும் 15 மைக்ரோகிராம், அதாவது 0.015 மில்லிகிராம்தான் தேறும். நல்ல குடல் ஒரே நாளில் வெளியேற்றுவது அதைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல். இவ்வளவு பெருக்கில் ஒரு துளி ரத்தத்தில் கசிவதில் வியப்பில்லை. அக்கா காகிதத்தில் சுழியங்களை எண்ணிச் சரிபார்த்தாள். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

3.9-க்கு வருகிறேன். சி.இ.ஏ. எடையில் பாதிக்குப் பாதி சர்க்கரைச் சங்கிலிகள். ஒவ்வொரு நிறுவனத்தின் பரிசோதனைக் கிட்டிலும் உள்ள ஆன்டிபாடிகள் அந்தப் புரதத்தின் வெவ்வேறு இடங்களைப் பிடிக்கின்றன. ஒரே குழாய் ரத்தத்தை இரண்டு இயந்திரங்களில் வைத்தால் இரண்டு எண் வரும், இரண்டும் அதனதன் கணக்கில் சரி. பழைய ஆய்வகத்திலேயே மறுபடி எடுத்தபோது அவளுக்கு 2.0 வந்தது. தொடர் கண்காணிப்பில் இருக்கிறவர்கள் முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் எடுக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அவளிடம் சொல்லத்தான் தோன்றவில்லை.

பெயரிலேயே தொடங்கிய குழப்பம்

அக்காவைக் குழப்பிய வாக்கியம் என் சொந்தச் சரக்கு என்று முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அந்தப் புரதத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. கார்சினோ எம்ப்ரியானிக் ஆன்டிஜென். புற்றுநோயிலும் கருவிலும் இருப்பது என்று பொருள். 1965-இல் மான்ட்ரியாலில், மெகில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் வைத்த பெயர். அவர்கள் செய்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒப்பீட்டுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த திசு. ஒருவரின் கட்டியை இன்னொருவரின் நல்ல குடலோடு ஒப்பிட்டால், தெரிகிற வேறுபாடு நோயால் வந்ததா, ஆளுக்கு ஆள் இயல்பாகவே இருப்பதா என்று சொல்ல முடியாது. அதனால் ஒரே நோயாளியின் கட்டியையும், அதே அறுவையில் அகற்றிய குடலில் கட்டிக்குத் தள்ளியிருந்த நல்ல பகுதியையும் எடுத்துக்கொண்டார்கள். முயல்களில் ஆன்டிபாடி உண்டாக்கி, நல்ல திசுவோடு ஒட்டுவதையெல்லாம் கழித்தார்கள். மிஞ்சியது கட்டியோடு மட்டும் ஒட்டியது. வளரும் கருவின் குடலிலும் கல்லீரலிலும் கணையத்திலும் அதே பொருள் தென்பட்டது. பெயர் பிறந்தது.

1969-இல் ரத்தத்தில் அதை அளக்கும் முறையை வெளியிட்டபோது, பெருங்குடல் புற்றுநோய் உள்ள 36 பேரில் 35 பேருக்கு இருந்தது என்று கண்டார்கள். அந்தக் காலத்தில் அந்தச் செய்தியைப் படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஊசி முனையில் எடுத்த ரத்தத்திலேயே குடல் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம்! ஆனால் பரிசோதனை பரவப் பரவ, நோய் முற்றாத ஆரம்பக் கட்டத்தினரில் பலருக்கு அளவு ஏறவே இல்லை என்று தெரிந்தது. புகைபிடிப்பவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், குடல் அழற்சி உள்ளவர்கள், கணைய அழற்சி உள்ளவர்கள் என்று புற்றுநோயே இல்லாதவர்களுக்கு ஏறியது. முறைகள் கூர்மையாகக் கூர்மையாக, நல்ல குடலிலும் அந்தப் புரதம் இருப்பது புலப்பட்டது. கழித்தலில் காணாமல் போனது, கட்டியைவிட அளவு குறைவாகத் தென்பட்டதால்தான். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

இதனால்தான் உடம்பு முழுக்கப் பரிசோதிக்கிறோம் என்று சொல்லி விற்கிற தொகுப்புகளில் சி.இ.ஏ.வைச் சேர்ப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அத்தான் அப்படி ஒன்றில் போய் 4.7 என்று வாங்கிவந்தார். இருபத்தைந்து வருடமாக சிகரெட் பிடிப்பவர். அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் அந்த எண் கிளப்பிய பீதியை என்னவென்று சொல்வது. கடைசியில் அவருக்குத் தேவைப்பட்டது அந்த வயதில் எல்லோருக்கும் தேவைப்படுகிற, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபிதான். பார்த்தார்கள், ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கம் இதைவிட ஆபத்து. 2 என்று வந்ததை நம்பி, மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நோயைக் கண்டுபிடிக்க அந்த எண் உதவாது. நோய் உறுதியானவரைப் பின்தொடரத்தான் அது.

இருப்பது வேறு, இயங்குவது வேறு

அந்த வாக்கியத்தைத் திருத்தப்போய், செல்லின் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும் மற்ற புரதங்களைப் பற்றியும் என் பார்வை மாறியது. எங்கள் வேலையில் 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்று எழுதிப் பழகிவிடுகிறோம். பழுப்பு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் மற்றொன்று. ஈ.ஜி.எஃப்.ஆர். விஷயத்தில் அந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய சறுக்கலாக முடிந்தது என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன்.

ஈ.ஜி.எஃப்.ஆர். செல்லின் சவ்வில் செருகியிருக்கும் ஓர் ஏற்பி. வெளியே வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால் உள்ளே 'பெருகு' என்று செய்தி போகும். அதன் வெளித்தலையை அடைத்துவிடும் ஆன்டிபாடிதான் செடுக்சிமாப் என்ற மருந்து. உடலில் பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு 2004-இல் அதற்கு அனுமதி கிடைத்தபோது, கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். நிறம் ஏறுகிறவர்களுக்கு மட்டும் என்று வைத்தார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பூட்டு இருக்கிறவர்களுக்குத்தானே சாவி. ஆனால் அடுத்த வருடமே நிறம் ஏறாத கட்டிகளிலும் மருந்து வேலை செய்வது வெளியானது. நிறம் அழுத்தமாக ஏறியவர்களில் பலருக்கு ஒரு பயனும் இல்லை. விடை 2008 வாக்கில் தெளிவானது, அது மேற்பரப்பிலேயே இல்லை. உள்ளே செய்தியைக் கடத்தும் கேராஸ் என்ற புரதத்தின் மரபணு பிறழ்ந்திருந்தால், வெளியே யாரும் தொடாமலேயே 'பெருகு' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். வாசலில் அழைப்பு மணியின் பொத்தானை மூடி என்ன பயன், உள்ளே ஒயர் ஒட்டிக்கொண்டு மணி அடித்துக்கொண்டே இருந்தால்? பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தில் கேராஸ் பிறழ்ந்திருக்கிறது. இன்று அந்த மருந்து கொடுக்குமுன் பார்ப்பது மரபணுவைத்தான், பழுப்பு நிறத்தைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

எப்கேம் பற்றியும் ஒரு வரி சொல்லலாம். குடல் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதம் அது. ரத்தத்தில் அலையும் புற்றுநோய் செல்களைக் காந்தத் துகளில் ஒட்டவைத்துப் பிடிக்க அதைக் கொக்கியாகப் பயன்படுத்துகிறார்கள். 7.5 மில்லிலிட்டர் ரத்தத்தில் மூன்றோ அதற்கு மேலோ கிடைத்தால் நிலைமை கவலைக்குரியது என்று கணக்கு. ஆனால் கட்டியிலிருந்து பிரிந்து நழுவும் செல்களில் சில போகிற வழியிலேயே எப்கேமை உதறிவிடுகின்றன. கொக்கிக்குச் சிக்காமல் போவது அவைதான்.

இவை எல்லாவற்றையும்விட என் மனதில் தங்கிவிட்டது ஒரு சின்ன ஆய்வு. மூன்றே மூன்று நோயாளிகள். 2011-இல் வெளியானது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், சி.இ.ஏ.வை அடையாளம் கண்டு தாக்கும்படி மாற்றியமைத்த டி செல்களை, அதாவது நோய் எதிர்ப்பு செல்களை, அவர்கள் உடலில் செலுத்தினார்கள். மூவருக்கும் ரத்தத்தில் சி.இ.ஏ. 74 முதல் 99 சதவீதம் வரை சரிந்தது. ஒருவருக்குப் பரவியிருந்த நோயே சுருங்கியது. கூடவே, மூவருக்கும் கடுமையான பெருங்குடல் அழற்சி. அந்த டி செல்கள் தங்களுக்குச் சொன்ன வேலையைப் பிசகாமல் செய்திருக்கின்றன. சி.இ.ஏ. எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தாக்கியிருக்கின்றன. நல்ல குடலின் உள்விளிம்பில் நான் தினமும் பார்க்கிற அந்த மெல்லிய கோடு அவற்றுக்கும் தெரிந்திருக்கிறது. அக்காவுக்கு நான் சொன்ன அதே அரைவாக்கியத்தை அந்த செல்களுக்கும் யாரோ சொல்லிக்கொடுத்தது போல இருந்தது எனக்கு. அந்த மூன்று பேரையும் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் பட்ட பாட்டில்தான் பின்னால் வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

ஐந்துக்குள்

படம் பார்த்த பிறகு அக்கா ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். தேதி, ஆய்வகம், எண், அன்று சளி காய்ச்சல் ஏதாவது இருந்ததா என்று நான்கு பத்திகள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். ரிப்போர்ட்டை இப்போது அவளே படித்துவிடுவாள், என் 'நார்மல்க்கா' தேவைப்படவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டரை வருடம் இருக்கும். நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தாள். 2.0, 1.9, 2.9, 4.1. எல்லாம் ஒரே ஆய்வகம். கடைசி ரிப்போர்ட்டிலும் எந்த எழுத்தும் தடிக்கவில்லை, 5-க்குள் இருக்கிறது என்று சாதுவாக இருந்தது. "ஏறுதுடி" என்றாள். எனக்கு வாயில் வந்தது "ஐந்துக்குள்ளதானேக்கா இருக்கு" என்பதுதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். இன்னொரு அரைவாக்கியத்தைக் கொடுக்க இருந்தேன்.

ஐந்து என்பது ஊருக்குப் பொதுவான கோடு. பல்லாயிரம் பேரின் ரத்தத்தைப் பார்த்துப் போட்டது. அவளுக்கென்று ஒரு கோடு இருந்தது, அது இரண்டு. இரண்டு வருடமாக அவள் உடம்பு அந்த இரண்டைவிட்டு நகரவில்லை. அதிலிருந்து அடுத்தடுத்து இரண்டு முறை, ஒரே பக்கமாக நகர்ந்திருக்கிறது. ஒரே நோயாளியின் கட்டியையும் நல்ல குடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த மான்ட்ரியால் யோசனை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஒப்பிட வேண்டியது அவளை அவளோடுதான்.

மருத்துவர் நோட்டை வாங்கி முழுதும் பார்த்தார். ஓர் ஏற்றத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது, கீமோவின்போதுகூடச் சிலருக்குத் தற்காலிகமாக ஏறி இறங்கும், கல்லீரல் கோளாறும் ஏற்றும் என்றார். ஆனால் இந்தப் போக்கை விடவும் கூடாது, நான்கு வாரத்தில் மறுபடி எடுங்கள் என்றார். 5.8. அடுத்த வாரம் சி.டி. ஸ்கேன். கல்லீரலின் வலப்பக்கத்தில் ஒன்று, 2.3 சென்டிமீட்டர். வேறெங்கும் இல்லை.

குடலின் ரத்தம் முதலில் போய்ச் சேருமிடம் கல்லீரல் என்பதால் அங்கே பரவுவது வழக்கமானதுதான். சி.இ.ஏ.வுக்கும் கல்லீரலுக்கும் இன்னொரு உறவும் உண்டு. ரத்தத்தில் சுற்றும் சி.இ.ஏ.வை வடிகட்டி எடுப்பது கல்லீரல்தான், ரத்தத்தில் வரும் வேண்டாததை விழுங்குகிற குப்ஃபர் செல்கள் அங்கே முதலில் பிடித்துக்கொள்கின்றன. பிடிக்கிற அந்தச் செயலே குப்ஃபர் செல்லிலிருந்து சில வேதிச் செய்திகளைக் கிளப்பி, வந்து ஒதுங்கும் புற்றுநோய் செல்கள் அங்கே தங்க இடம் பண்ணிக்கொடுக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. இத்தனை வருடம் அடையாளச் சீட்டு என்று நான் நினைத்திருந்த ஒன்றுக்கு நோயில் பங்கும் இருக்கலாம் என்பது என்னைக் கலங்கவைத்தது.

தனியாக ஒன்றே ஒன்று என்பதால் வெட்டி எடுக்க முடிந்தது. ஆறு வாரத்தில் 1.7. இந்தக் கண்காணிப்பை நான் மிகைப்படுத்திச் சொல்ல விரும்பவில்லை. பிரிட்டனில் 1,202 பேரை வைத்து நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சி.இ.ஏ. மூலம் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களில் 6.7 சதவீதத்தினருக்கு, திரும்பி வந்த நோயைக் குணமாக்கும் நோக்கத்தோடு அறுவை செய்ய முடிந்தது. அறிகுறி வந்தால் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட குழுவில் அது 2.3 சதவீதம். ஆனால் மொத்தத்தில் உயிரிழப்பு குறைந்ததாக உறுதியாகக் காட்ட முடியவில்லை. நூற்றில் நாலைந்து பேர் கூடுதல். எண்ணாகப் பார்த்தால் சின்னதுதான். என் அக்கா அந்த நாலைந்தில் ஒருத்தியா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. எனக்கு அது தெரியும். ஆனாலும் அந்த நோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றுகிறது.

கல்லீரல் துண்டின் ஸ்லைடுகளை மருத்துவமனையிலிருந்து வாங்கி வைத்திருந்தாள், இன்னொரு மருத்துவரின் கருத்துக்காக. தனக்கு உள்ளே இருந்ததைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். தலைமை நோயியல் மருத்துவரிடம் அனுமதி கேட்டு, ஒரு மாலையில் கூட்டிப்போனேன். இருவர் ஒரே சமயத்தில் பார்க்கும் நுண்ணோக்கி. சி.இ.ஏ. நிறமேற்றிய ஸ்லைடைத்தான் முதலில் வைத்தேன். முயலில் எடுத்த பழைய வகை ஆன்டிபாடி அது, சி.இ.ஏ.வோடு அதன் நெருங்கிய உறவுக்காரப் புரதங்களையும் சேர்த்தே பிடிக்கும்.

கண்ணை வைத்ததும் மூச்சை இழுத்துக்கொண்டாள். நீலப் பரப்பு முழுக்க மெல்லிய பழுப்பு இழைகள், கிளைவிட்டு, வலை பின்னியதுபோல. "ஐயோ, இவ்வளவா பரவியிருந்துச்சு?" குரல் நடுங்கியது.

"இல்லக்கா. இன்னும் கட்டிக்கே நாம போகல. கல்லீரல் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல பித்தநீர் போற வாய்க்கால் அது. அந்தச் சுவர்ல சி.இ.ஏ.வோட சொந்தக்காரப் புரதம் ஒண்ணு இருக்கு. எல்லார் கல்லீரல்லயும் இருக்கும்."

அவள் கண்ணை எடுக்கவில்லை. ஸ்லைடைக் கட்டிப் பக்கம் நகர்த்த விரல் வைத்தேன். "இரு" என்றாள். "இதைக் கொஞ்சம் பார்த்துக்கறேன்."